கால்மாடு: உயரமானவர்களுக்கு வேனில் படுக்கை போடுவது எப்படி?

நண்பர் ஒருவர் கேம்பர் வேன் கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். உயரம் ஆறடி இரண்டு அங்குலம், 188 செ.மீ. மரக்காணம் பக்கம் அடிக்கடி பறவை பார்க்கப் போகிறவர். கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வெளிச்சம் வருவதற்கு முன்னாடியே அங்கே நிற்கணும்னா முந்தின இரவே அந்தப் பக்கம் தங்குவதுதான் வசதி. அவர் போட்ட வரைபடத்தில் வண்டியின் குறுக்கே ஆறடிக்கு நாலடி படுக்கை. "நீளம் பத்தலைன்னா மூலைவாட்டுல படுத்துக்கலாம்ல?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டு இந்தக் குறிப்பாகிவிட்டது.

இது வெறும் சொகுசு விஷயம் இல்லை. காலை மடக்கிக்கொண்டு அரைத்தூக்கம் தூங்கிய அதே ஆள்தான் மறுநாள் ஈசிஆரில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு சென்னை திரும்பணும். ஓட்டுநர் நன்றாகத் தூங்கினாரா என்பது வண்டியின் பிரேக் அளவுக்கு முக்கியமான கேள்வி.

எவ்வளவு நீளம் வேணும்?

நம் உயரம் நிற்கும்போது அளந்தது. படுத்தால் அளவு மாறும். மல்லாந்து படுக்கும்போது பாதம் செங்குத்தாக நிற்காது, முன்பக்கம் சாயும். கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை 20 செ.மீ. என்று வையுங்கள். பாதம் 30 பாகை சாய்ந்தால் விரல் நுனி 10 செ.மீ. கீழே இறங்கும். குதிகால் பக்கம் கொஞ்சம் ஏறுவதைக் கழித்தால் நிகரமாக 9 செ.மீ. கூடும். உச்சந்தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணை நகர ஒரு 5, 6 செ.மீ. விடணும். ஆக, உயரத்தோடு 15 செ.மீ. கூட்டிக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

நண்பருக்கு 188 + 15 = 203. அவர் வரைந்த ஆறடி என்பது 183. இருபது செ.மீ. உதைக்கிறது.

ரயில் சொல்லிக்கொடுக்கும் பாடம்

ஸ்லீப்பர் கோச்சில் போன உயரமானவர்களைக் கேட்டுப்பாருங்கள். குறுக்கே இருக்கிற பெர்த்தில் கால் நடைபாதைக்கு நீட்டிக்கொண்டிருக்கும். போகிறவர் வருகிறவர் இடித்துவிட்டுப் போவார்கள், ஆனால் முதுகு நேராக இருக்கும். சைடு லோயரில் அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தடுப்பு இருக்கிறது. ராத்திரி முழுக்க முழங்காலை மடக்கியே ஆகணும்.

கயிற்றுக் கட்டிலும் இதே கதைதான். ஆள் கட்டிலைவிட நீளமாக இருந்தாலும் குதிகால் சட்டத்துக்கு வெளியே தொங்கும், தூக்கம் கெடாது. குப்புறப் படுக்கிறவருக்குப் பாதம் தொங்குவதுதான் சுகமே.

இந்தக் குறிப்பின் சாரமே இதுதான்: படுக்கையின் நீளத்தைவிட, கால்மாடு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். மூடியிருந்தால் உயரத்தோடு 15 கூட்டணும். திறந்திருந்தால் உயரத்துக்குச் சமமாகவோ, ஐந்து செ.மீ. குறைவாகவோ இருந்தாலும் சமாளிக்கலாம்.

குறுக்குப் படுக்கை: யாருக்குச் சரி?

வேனின் குறுக்கே போடும் படுக்கையில் தலைமாடும் கால்மாடும் வண்டியின் தகடுதான். இரண்டு பக்கமும் மூடின படுக்கை.

ஐரோப்பாவில் கேம்பர் கட்டுகிறவர்கள் அதிகம் எடுப்பது ஃபியட் டுகாட்டோ. வெளி அகலம் 2,050 மி.மீ.; உள்ளே அதிகபட்சம் 1,870. அதாவது தகடு, வளைவு, சட்டம் எல்லாம் சேர்ந்து 18 செ.மீ. சாப்பிட்டுவிடுகிறது. அதன் மேல் இன்சுலேஷனும் உள்பலகையும் பக்கத்துக்கு 2 செ.மீ. போனால் மிச்சம் 183.

நம் ஊரில் ஃபோர்ஸ் அர்பேனியாவின் வெளி அகலம் 2,095 மி.மீ. அதே கழிவு என்று எடுத்துக்கொண்டால் கையில் நிற்பது சுமார் 187. (இது மதிப்பீடுதான். படுக்கை வரப்போகிற உயரத்தில் டேப் பிடித்து அளந்த அளவை மட்டுமே நம்பணும். பக்கச் சுவர் மேலே போகப்போக உள்பக்கம் சாயும்.)

187-ல் 15 போனால் 172. ஐந்தடி எட்டு அங்குலம் வரை உள்ளவர்களுக்குக் குறுக்குப் படுக்கை அருமையான ஏற்பாடு. வண்டி நீளத்தில் நாலு அடியோடு படுக்கை முடிந்துவிடும், மற்ற இடமெல்லாம் சமையலுக்கும் உட்காரவும். அந்த உயரத்துக்குள் இருக்கிறவர்கள் கட்டின வண்டியைப் பார்த்து ஆறடிக்காரர் அப்படியே காப்பி அடித்தால்தான் வம்பு. மாருதி ஈகோ மாதிரி வண்டியில் வெளி அகலமே 1,475 மி.மீ. தான். அங்கே குறுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அமெரிக்கா, ஐரோப்பாவில் பக்கச் சுவரை வெட்டி, வெளியே புடைத்த கூடு பொருத்தி நீளத்தைக் கூட்டுகிறார்கள். இங்கே அதைச் செய்யக் கிளம்புவதற்கு முன்னாடி யோசிக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏஐஎஸ்-124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. இருக்கை எண்ணிக்கை மாறினாலே ஆர்சி-யில் ஏறணும். ஆகவே, பாடியைத் தொடாமல் உள்ளேயே தீர்வு தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

மூலைவிட்டக் கணக்கு

நண்பரின் கேள்விக்கு வருவோம். 183-க்கு 120 படுக்கையில் பிதாகரஸ் போட்டால் மூலைவிட்டம் 219 செ.மீ. வருகிறது. தேவை 203 தானே, தாராளமாகப் போதுமே என்று தோணும்.

சிக்கல் என்னன்னா, மூலைவிட்டம் ஒரு கோடு. மனுஷன் கோடு இல்லை. தலைக்கும் அகலம் உண்டு, இரண்டு பாதம் சேர்ந்தாலும் அகலம் உண்டு. இரண்டு முனையிலும் 30 செ.மீ. அகலம் என்று வைத்து, படுக்கைக்குள் அடங்கும் நீளத்தைக் கணக்கிட்டேன்:

- நேராகப் படுத்தால்: 183
- 10 பாகை சாய்ந்தால்: 180 அல்லது 181
- 20 பாகை: 184
- 30 பாகை: 194, ஆனால் இதற்குப் படுக்கை அகலம் 123 வேணும்

கொஞ்சமாகச் சாய்ந்தால் நீளம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது! முனையின் மூலை சுவரில் இடிப்பதால் வரும் நஷ்டம், சாய்வதால் வரும் லாபத்தைவிட அதிகம். இருபது பாகையில் வரவும் செலவும் சரி. முப்பதில் பதினோரு செ.மீ. கிடைக்கும். ஆனால் அதற்குள் முழுப் படுக்கையும் தீர்ந்துபோகும், பக்கத்தில் இன்னொருவர் படுக்க முடியாது. அப்போதும் 203 வரவில்லை. மூலைவிட்டம் ஒத்தை ஆளுக்கு, ஒரு ராத்திரிக்கு, அவசரத்துக்கு. வடிவமைப்பாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

நெடுக்குப் படுக்கையும் கால்பொந்தும்

அப்போ மிச்சம் இருப்பது வண்டியின் நீளவாக்கு. பின்கதவை ஒட்டி இரண்டு பக்கமும் 70 செ.மீ. அகலத்தில் ஒவ்வொரு படுக்கை. 187-ல் 140 போக நடுவே 47 செ.மீ. நடைபாதை. ராத்திரி எழுந்திருக்கிறவர் இன்னொருவரைத் தாண்ட வேண்டியதில்லை.

இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கணும்னு சட்டம் இல்லை. நண்பரின் மனைவி 160 செ.மீ. அவருக்கு 175 போதும். ஒன்று 205, இன்னொன்று 175 என்று போட்டால் ஒரு பக்கம் 30 செ.மீ. மிஞ்சும். இருபது லிட்டர் தண்ணி கேன் அங்கே உட்காரும்.

205-ம் கிடைக்காத வண்டியா? அங்கேதான் கால்மாட்டைத் திறக்கணும். படுக்கைக்கு முன்னால் வரும் சமையல் மேடை அல்லது அலமாரியின் அடிப்பகுதியில் ஒரு பொந்து விடுங்கள். முழு உடம்பும் அதற்குள் போக வேண்டாம், முழங்காலுக்குக் கீழே போனால் போதும். மெத்தைக்கு மேல் 35 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். உயரமான ஆளின் பாதம் 28, 29 செ.மீ. இருக்கும், போர்வையோடு சேர்த்து நிமிர்ந்து நிற்க 35 தேவை. இதைவிடக் குறைத்தால் புரண்டு படுக்கும்போது கால் மாட்டிக்கொள்ளும். பொந்தின் அந்தப் பக்கம் ஸ்டவ் அடுப்போ கேஸ் ட்யூபோ வரக்கூடாது. இப்படிச் செய்தால் 175 செ.மீ. மெத்தைப் பரப்பில் 205 நீளத்துக்குப் படுக்கலாம், மேடையின் மேல்பரப்பும் வீணாகாது.

உயரமானவர்கள் மறக்கிற இன்னொரு அளவு, உட்கார்ந்த உயரம். அது மொத்த உயரத்தில் பாதிக்குச் சற்று அதிகம், சுமார் 52 சதவீதம். 188-க்கு 98 வருகிறது. மெத்தைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு மீட்டர் விடணும், இல்லையென்றால் காலையில் எழும்போதெல்லாம் தலையில் 'டங்'.

மரக்காணத்தில் ஏன் நெடுக்கு இன்னும் நல்லது

கடற்கரையும் ஈசிஆரும் இங்கே ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகின்றன. சாலைக்கு இணையாக நிறுத்தின வண்டியின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். சாயங்காலம் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். ராத்திரி போகப்போக அது அடங்கி நிலக்காற்று மேற்கிலிருந்து வரும். இரண்டு பக்க ஜன்னலும் திறந்திருந்தால், நெடுக்கே படுத்தவரின் உடம்பு முழுக்கக் காற்று குறுக்கே போகும். குறுக்கே படுத்தால் அதே ஜன்னலைத் தலையும் காலும் அடைத்துக்கொள்ளும். வடக்கே தலை வைக்கக் கூடாது என்கிற வீட்டில், வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்தினால் விஷயம் முடிந்தது.

தண்ணீர் வடிய சாலை ஓரத்துக்கு இரண்டு, இரண்டரை சதவீதம் சரிவு விட்டிருப்பார்கள். 203 செ.மீ. குறுக்குப் படுக்கையில் அது தலைக்கும் காலுக்கும் 5 செ.மீ. வித்தியாசம். நெடுக்கே படுத்தால் லேசாகப் பக்கவாட்டுச் சாய்வு மட்டும்தான், டயருக்கு அடியில் ஒரு கட்டை வைத்தால் சரியாகிவிடும். உப்பள வரப்பில் மட்டும் ஏற்றாதீர்கள். அது அங்கே வேலை செய்கிறவர்களின் பாதை, மண்ணும் வண்டியைத் தாங்காது.

அப்புறம் உப்பு. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரையும். கடற்கரையில் ராத்திரி ஈரப்பதம் அதைச் சுலபமாகத் தாண்டும். மெத்தை உறையில் படிந்த உப்புத்தூசி பகலில் தெரியாது, ராத்திரி பிசுபிசுக்கும். அதனால் மெத்தையை முழுப்பலகை மேல் போடாமல் 5 செ.மீ. இடைவெளி விட்ட சட்டங்கள் மேல் போடுங்கள். அடர்ந்த ஃபோமைவிட ரப்பரைஸ்டு காயர் காற்று வாங்கும். உறை கழற்றி நல்ல தண்ணீரில் அலசுகிற மாதிரி இருக்கட்டும். பலகைக்கு ஐஎஸ் 710 மரைன் பிளைவுட், போல்ட்டுக்கு 316 ஸ்டெயின்லெஸ். இரும்புக் கட்டில் பிரேம் இந்தக் கரையில் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

காற்று, கடைசியாக ஆனால் கட்டாயமாக

புழுக்கம் தாங்காமல் இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு ஏசியில் தூங்குவது உயிருக்கு ஆபத்து. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே வந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. பேட்டரி மின்விசிறி, கொசுவலை போட்ட இரண்டு பக்க ஜன்னல், தலைமாட்டில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் போதும்.

நண்பருக்கு அனுப்பின பதிலின் சுருக்கம்: வண்டி வாங்குவதற்கு முன்னாடி ஷோரூமிலேயே டேப்பும் ஒரு பெரிய அட்டையும் எடுத்துப் போங்கள். அட்டையைத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுங்கள். பாதத்தைத் தளர விடுங்கள். விரல் நுனி எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால் சுவர் இருந்தால் அந்த அமைப்பு வேண்டாம். வெற்றிடமோ பொந்தோ வரும் என்றால் மேற்கொண்டு பேசலாம்.