நேரே செல்லாத வண்டி

மலைப்பாதை ஒன்றில் ஜீப் இறங்கி வருகின்றது. ஒரு புறம் ஓங்கிய பாறை. மறு புறம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. வளைவுதோறும் ஓட்டுநர் ஸ்டியரிங் என்னும் கைச்சக்கரத்தைத் திருப்புகின்றார். அவர் கை திரும்பிய அக்கணமே முன்சக்கரங்களும் திரும்புமாயின் பயணம் இனிது முடியும். கை திரும்பியும் சக்கரங்கள் திரும்பாமல் சற்றே தாமதிக்குமாயின், அல்லது கை திருப்பாத போதே வண்டி பள்ளத்தின் பக்கம் ஒதுங்குமாயின், விளைவு யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

முதலாவது குறையை ‘ஸ்டியரிங் தளர்ச்சி’ என்றும், இரண்டாவதை ‘ஒருபக்க இழுப்பு’ என்றும் கூறலாம். பட்டறைகளில் தளர்ச்சியைப் ‘பிளே’ என்று வழங்குவதும் உண்டு. இவ்விரண்டும் ஒருங்கே தோன்றுதல் கூடும். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தளர்ச்சி பெரும்பாலும் தேய்ந்த மூட்டுகளால் வருவது. இழுப்போ, வண்டியின் இடப்பக்கத்திற்கும் வலப்பக்கத்திற்கும் இடையே ஏற்பட்ட வேற்றுமையால் வருவது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு ஆராய்பவனே பழுதின் வேரைக் காண்பான். அதனை அறியாதவன் கண்ட உறுப்பையெல்லாம் கழற்றி மாற்றிப் பொருளை வீணாக்குவான், பழுதும் நீங்காது.

கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளுள் ஜீப் புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்க நாட்டின் வில்லிஸ், போர்டு என்னும் இரு நிறுவனங்களும் 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தளித்தன. போர் முடிந்த பின்னர் ஜீப் உழவுக்கும் தோட்டத் தொழிலுக்கும் பயன்பட்டது. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் அதனைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் கற்பாதையில் பல்லாண்டுகளாக மக்களை ஏற்றிச் சென்றவை ஜீப்புகளே.

பழைய ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே திண்ணிய இரும்பு அச்சு தாங்குகின்றது. கல்லிலும் குழியிலும் விழுந்தெழும் ஒவ்வோர் அதிர்ச்சியும் ஸ்டியரிங் உறுப்புகளைத் தாக்குகின்றது. சேறும் நீரும் மூட்டுகளுக்குள் புகுந்து கிரீசைக் கெடுக்கின்றன. ஆதலின், நகரச் சாலையில் மட்டும் ஓடும் வண்டியைவிட இதன் மூட்டுகள் விரைவில் தேய்கின்றன.

பழுதைக் காணுமுன் உறுப்புகளின் தொடர்பை அறிதல் வேண்டும். கைச்சக்கரத்தைத் திருப்பினால் அதனோடு இணைந்த தண்டு சுழலும். தண்டின் முனையில் ஸ்டியரிங் பெட்டி உள்ளது. அது தண்டின் சுழற்சியைப் பிட்மன் கை என்னும் இரும்புக் கையின் அசைவாக மாற்றும். அக்கை டிராக் லிங்க் என்னும் கோலைத் தள்ளவும் இழுக்கவும் செய்யும். அவ்வசைவு டை ராடு எனப்படும் குறுக்குக் கோல்களின் வழியே இரு சக்கரங்களையும் சென்று சேரும். பழைய ஜீப்பில் இக்கோல்களுக்கு நடுவே ஒரு நெம்புகையும் உண்டு. சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்குச் சுழலச்சாக நிற்பது கிங் பின் ஆகும்.

வளைவில் இரு சக்கரங்களும் ஒரே அளவு திரும்புவதில்லை. உட்புறச் சக்கரம் சிறு வட்டத்தில் செல்வதால் அது மிகுதியாகத் திரும்புதல் வேண்டும். இதற்குரிய அமைப்பைக் கண்டவர் செருமானியராகிய லாங்கன்ஸ்பெர்கர் என்பார். அவர் பொருட்டு ருடால்ப் ஆக்கர்மன் என்பவர் 1818-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்கெனத் தோன்றிய அவ்வமைப்பே பின்னர் மோட்டார் வண்டிக்கும் அடிப்படையாயிற்று.

கோல்களின் முனைகளில் உள்ளவை பந்துக் கிண்ண மூட்டுகள். மனிதனுடைய இடுப்பு மூட்டைப் போன்று, ஒரு கிண்ணத்துள் ஒரு குண்டு பொருந்தி அசையும். கிண்ணம் தேய்ந்தால் இடைவெளி உண்டாகும். ஒரு மூட்டின் இடைவெளி மிகச் சிறியதாக இருக்கலாம். ஆனால் பல மூட்டுகளின் இடைவெளிகள் ஒன்று சேர்ந்து கைச்சக்கரத்தில் பெருகித் தோன்றும். சக்கரங்கள் அசையாதிருக்கக் கைச்சக்கரம் மட்டும் வீணே அசையும் தொலைவே தளர்ச்சியின் அளவாகும். 16 அங்குலமோ அதற்குக் குறைவோ விட்டமுள்ள கைச்சக்கரத்தில் இது 2 அங்குலத்தைத் தாண்டலாகாது என்பது அமெரிக்க நாட்டு வண்டிச் சோதனை விதி.

தளர்ச்சி எங்குள்ளது எனக் காண இருவர் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வைத்து, ஒருவர் கைச்சக்கரத்தை இடமும் வலமுமாக மெல்ல அசைக்க வேண்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டையும் வரிசையாகப் பார்த்து, விரலால் தொட்டும் அறிதல் வேண்டும். எந்த மூட்டின் ஒரு புறம் அசைந்து மறு புறம் அசையாது நிற்கின்றதோ, அதுவே தேய்ந்த மூட்டு. தண்டு சுழன்றும் பிட்மன் கை அசையாவிடின் குறை பெட்டிக்குள் உள்ளது. பெட்டியே அசையுமாயின், அதனைப் பிணைத்த போல்ட்டுகள் தளர்ந்துள்ளன. அன்றேல் வண்டியின் சட்டம் அவ்விடத்தில் விரிசல் கண்டுள்ளது. கற்பாதையில் ஓடும் வண்டியில் இவ்விரிசலைக் கட்டாயம் தேடிப் பார்த்தல் வேண்டும்.

ஸ்டியரிங் பெட்டியில் இடைவெளியைக் குறைக்கும் திருகு ஒன்று உண்டு. தளர்ச்சி கண்டவுடன் அதனை இறுக்குவது சிலர் வழக்கம். இது தவறு. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பெட்டியின் பற்கள் நடுவிடத்தில் மிகுதியாகத் தேய்ந்திருக்கும். ஓரங்களில் தேய்வு குறைவு. நடுவிடத்துத் தளர்ச்சி முழுவதும் நீங்குமளவு இறுக்கினால், வளைவில் திருப்பும்போது பற்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தளர்ச்சியினும் பெரிய தீங்கு அதுவே.

அடுத்துச் சக்கரத்தைச் சோதிக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்துதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியிற் செல்வது உயிருக்கு உலை வைப்பதாகும். பின்னர்ச் சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பற்றி ஆட்டிப் பார்க்க வேண்டும். அசைவு தோன்றினால் அது சக்கர பேரிங்கின் குறையாகலாம். கிங் பின்னின் குறையும் ஆகலாம். இதனைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. வேறொருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மீண்டும் ஆட்டுதல் வேண்டும். பிரேக் சக்கரத்தைத் தன் தாங்கியோடு பிணைத்துவிடுவதால் பேரிங்கின் அசைவு மறையும். அப்போதும் அசைவு மறையாது நின்றால் குறை கிங் பின்னில் உள்ளது.

மூட்டுகள் யாவும் செம்மையாக இருந்தும் சில வண்டிகள் சாலையில் அலையும். குழிகளுக்கு அஞ்சி ஸ்பிரிங்குகளை மாற்றி உயர்த்திய வண்டிகளில் இதனைக் காணலாம். மிதிவண்டியின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் போலக் கிங் பின்னும் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இச்சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். வளைவு முடிந்ததும் சக்கரங்களைத் தாமே நேராக்குவது இதுவே. பழைய வில்லிஸ் ஜீப்பில் இதன் அளவு 3 பாகை. வண்டியை உயர்த்தும்போது அச்சு சுழன்று இச்சாய்வு குறையுமாயின், வண்டி நேராக நிற்கும் இயல்பை இழக்கும். புதிய மூட்டுகள் பூட்டினும் இக்குறை தீராது. அச்சின் சாய்வைத் திருத்துதலே வழி.

இனி, இழுப்பின் காரணங்களை அறிதல் வேண்டும். இங்கு முதற்கண் கேட்க வேண்டிய வினா, ‘வண்டி எப்போது இழுக்கின்றது?’ என்பதே. எப்போதும் இழுக்கின்றதா, பிரேக் போடும்போது மட்டும் இழுக்கின்றதா என்னும் விடையே பாதி ஆராய்ச்சியை முடித்துவிடும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் அமைந்திருக்கும். இடப்புறம் செல்லும் வண்டி இடப்பக்கம் சற்றே ஒதுங்குவது அச்சரிவாலும் ஆகலாம். ஆதலின், சமமான சாலையில் ஓட்டிப் பார்த்த பின்னரே வண்டியைக் குறை கூற வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்லும் நிலையில் கெட்டியான சாலையில் ஓட்டினாலும் ஸ்டியரிங் கனத்து இழுக்கும். சோதனையின்போது பின்சக்கரங்களுக்கு மட்டும் ஆற்றல் செல்லுமாறு வைத்தல் வேண்டும்.

எப்போதும் இழுக்கும் வண்டியில் முதலிற் பார்க்க வேண்டியது டயரின் காற்று. காற்றுக் குறைந்த டயர் தரையில் மிகுதியாக அமுங்கி உருளத் தடை செய்யும். வண்டி அப்பக்கமே இழுக்கும். காற்றுச் சமமாக இருந்தும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. மாறாவிடின், சிறிது தொலைவு ஓட்டி நிறுத்திச் சக்கரக் குடங்களின் அருகே கையைக் கொண்டு சென்று வெப்பத்தை ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கின்றது எனலாம். தொடுதல் ஆகாது, கை வெந்துவிடும்.

பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால், இழுக்கும் பக்கத்தையே குறை கூறுவது பொருந்தாது. மறுபக்கத்துப் பிரேக் வலுவிழந்திருந்தாலும் வண்டி இப்பக்கம் திரும்பும். அச்சிலுள்ள எண்ணெய் கசிந்து பிரேக் பட்டையில் படுவது பழைய ஜீப்புகளில் அவ்வலுவின்மைக்கு ஒரு காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு இம்முறையின் பயனை விளக்கும். ஒரு தோட்டத்து ஜீப் ஓயாது இடப்பக்கம் இழுக்கின்றது எனக் கொள்க. டை ராடு மூட்டுகள் மாற்றப்பட்டன, சக்கரங்களின் கோணம் இருமுறை சரிசெய்யப்பட்டது, இழுப்பு நீங்கவில்லை. பின்னர் முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் அதனை முறையாகச் சோதிக்கின்றார். காற்றுச் சமம், டயரை மாற்றியும் இழுப்பு மாறவில்லை, குடங்களின் வெப்பமும் ஒன்றே. உடனே அவர் ஒரு கயிற்றை எடுத்து முன்குடத்திற்கும் பின்குடத்திற்கும் உள்ள தொலைவை இரு பக்கமும் அளக்கின்றார். இடப்பக்கம் அரை அங்குலம் குறைகின்றது. அப்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்து நிற்கும் நடு போல்ட்டு முறிந்து, அச்சு பின்னோக்கி நகர்ந்துள்ளது. இரு பக்கத் தொலைவும் வேறுபட்டால், தொலைவு குறைந்த பக்கமே வண்டி இழுக்கும். முறிந்த போல்ட்டின் விலை சிறிது. அதனைக் காணாமல் செலவிட்ட பொருளோ பெரிது.

இதனால் விளங்குவது யாதெனின், எளிய சோதனை முதலிலும் அரிய சோதனை பின்னும் நிகழ்தல் வேண்டும் என்பதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் பழுதைத் தீர்த்தது எது என அறிய இயலாது. தேய்ந்த மூட்டுகளை மாற்றிய பின்னரே சக்கரக் கோணத்தை அளக்க வேண்டும். ஆடும் மூட்டின்மேல் எடுத்த அளவு நில்லாது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பழமொழி. கைச்சக்கரத்தின் சிறு தளர்ச்சியும் வண்டியின் சிறு ஒதுக்கமும் அத்தகைய மணியோசைகளே. அவற்றைக் கேட்டவுடன் வண்டியை நிறுத்திக் காரணத்தைத் தேடும் ஓட்டுநர், தம் உயிரை மட்டுமன்றித் தம்மை நம்பி வண்டியில் அமர்ந்தவர் அனைவரின் உயிரையும் காப்பவர் ஆவார்.