யாவர்க்கும் ஏற்ற பொருளமைப்புக் கல்வி

ஒரு பொருளை ஆக்குவோன் தன் கையையும் கண்ணையுமே அளவுகோலாகக் கொள்ளுதல் இயல்பு. கைத்தொழிற் பொருள்களுக்கு வடிவமைக்கப் பயிலும் மாணவர் பெரும்பாலும் இளைஞர். உடல் வலிமை உடையவர். அவர் வகுக்கும் போத்தல் மூடி அவர் கைக்கு எளிதில் திறக்கும். மூட்டுவாதமுற்ற மூதாட்டிக்குத் திறவாது. குறை மூதாட்டியின் விரலிலன்று, மூடியின் அமைப்பிலேயே உள்ளதெனக் காணுதலே இக்கல்வியின் முதற் பாடமாகும்.

இப்பாடத்தைத் தம் உடலாலேயே கற்றவர் பற்றீசியா மூர் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர். நியூயோர்க்கில் றேமண்ட் லோவியின் அலுவலகத்திற் பணிபுரிந்த காலத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவை மூட்டுவாதமுற்றோரும் திறக்குமாறு அமைத்தலாகாதா என அவர் வினவினார். அத்தகையோர் பொருட்டு அங்கு வடிவமைப்பதில்லை என்னும் விடையே கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 26. 1979 முதல் 1982 வரை அவர் முதுமை வேடம் பூண்டு, விரல்களை மடக்கவியலாதவாறு கட்டி, செவியை அடைத்து, பார்வையையும் மங்கச் செய்து, ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 100க்கு மேற்பட்ட நகரங்களில் உலாவினார். கடைகளும் பேருந்துகளும் அவருக்கு வேறோர் உலகமாயின.

இம்முறையின் சிற்றுருவம் இன்று வகுப்பறையிலும் உண்டு. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பெற்ற கையுறைகள் விரலசைவைக் குறைக்கும். கண்ணாடிகள் பார்வையை மங்கச் செய்யும். அவற்றை அணிந்து மருந்துப் பொதியைப் பிரிக்க முயலும் மாணவன் சிறிது நேரத்திற் சலிப்படைவான். அச்சலிப்பு நன்று, ஆயின் போதாது. கையுறை காட்டுவது ஆற்றாமையின் முதற் கணத்தை மாத்திரமே. நெடுங்காலம் வாதத்தோடு வாழ்ந்தவளோ, மூடியை ஈரத்துணியாற் பற்றி, போத்தலை இடுப்போடு அணைத்துத் திருகும் வகையை அறிவாள். நோயோடு கூட அவள்பால் நுட்பமும் உண்டு. கையுறையைக் கழற்றிய மாணவனிடம் எஞ்சுவது பெரும்பாலும் இரக்கமே. இரக்கத்தால் மட்டும் பிறந்த பொருள் மருத்துவமனைக் கருவிபோற் காணும். அதனைத் தம் வீட்டில் வைக்க முதியோரே நாணுவர்.

ஆதலின் பயன்படுத்துவோரையே ஆசிரியராக அமர்த்துதல் வேண்டும். இலண்டன் றோயல் கலைக் கல்லூரியில் 1991ஆம் ஆண்டு றொஜர் கோல்மன் தொடங்கிய முயற்சி வடிவமைப்பு மாணவரின் கருத்தை முதுமையின்பாற் றிருப்பிற்று. அதன் வழிவந்த ஹெலன் ஹம்லின் நிலையம் 1999இல் நிறுவப்பட்டது. இங்கு ஆசிரியர் வற்புறுத்தவேண்டிய நுணுக்கம் ஒன்றுண்டு. "இது எளிதா?" என மாணவன் வினவின், முதியவர் மரியாதை கருதி ஆம் என்பர். வினாவைக் காட்டிலும் அவர் கை எங்கே வழுக்குகிறது, கண் எங்கே தயங்குகிறது என்று நோக்குதலே பயன் தரும்.

நோக்கியதைக் கணக்கிடலும் ஆகும். ஒரு பொருள் பார்வை, செவி, சிந்தனை, கைத்திறன், நடமாட்டம் ஆகியவற்றை எவ்வளவு வேண்டுகிறதென அளந்து, அதனால் விலக்கப்படுவோர் தொகையை மதிப்பிடும் முறையையும் கேம்பிறிட்ஜ் அறிஞர் வகுத்துள்ளனர். விற்போனுடன் வாதிட இரக்கத்தினும் இத்தொகை வலிது.

1990இல் சாம் பாபர் வெளியிட்ட ஒக்சோ தோல்சீவி இதற்குச் சான்று. மூட்டுவாதமுற்ற தம் மனைவியின் இடர் கண்டு, தடித்த மென்மையான கைப்பிடியோடு அதனை அமைப்பித்தார். நோயில்லாதவரும் அதனை விரும்பி வாங்கினர். நோயாளர்க்குரியதென்னும் அடையாளம் அதன்மேல் எங்கும் இல்லை.