தொடைத்தசை பார்க்கும் வைத்தியம்

மனச்சோர்வில் கிடப்பவரிடம், "காலையில எழுந்து ரெண்டு ரவுண்டு ஓடு, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருக்கிறார். பல் துலக்கவே எழ முடியாதவருக்கு இதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆனால் ஓடுகிற உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஆய்வகங்களில் கண்டதைச் சொன்னால் அந்தச் சித்தப்பாவே அசந்துபோவார்.

ஓடினால் எண்டார்பின் சுரக்கும், மனசு லேசாகும் என்று படித்திருப்பீர்கள். கதை அவ்வளவு நேரானதல்ல. மூளைக்குச் செல்லும் நுண்குழாய்களின் சுவரில் கறாரான காவல் ஒன்று உண்டு. இதை இரத்த-மூளைத் தடுப்பு என்பார்கள். இரத்தத்தில் மிதக்கும் எண்டார்பின் பெரிய மூலக்கூறு. அந்தக் காவலைத் தாண்டாது. மூளை தனக்கென்று தானே கொஞ்சம் சுரந்துகொள்ளும் என்பது தனி விஷயம். எளிதாகத் தாண்டுவது, கொழுப்பில் கரையும் அனந்தமைடு. இது கஞ்சா வேலை செய்யும் அதே ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்வது; உடம்பே தயாரிப்பது. 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் மனிதர்களையும் நாய்களையும் ஃபெர்ரெட் என்ற சிறு விலங்கையும் ஓட்டப் பட்டையில் ஓடவிட்டார்கள். மனிதருக்கும் நாய்க்கும் இரத்தத்தில் அனந்தமைடு ஏறியது. நெடுந்தூரம் ஓடும் பழக்கமில்லாத ஃபெர்ரெட்டுக்கு ஏறவில்லை.

ஆனாலும் அந்தச் சுகம் ஓடி முடித்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் அழுத்தும் நோய்க்கு அது போதாது. என்னை உண்மையில் வியக்க வைத்தது, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2014இல் தொடைத்தசையில் கண்டுபிடித்த விஷயம்.

பால், முட்டை, பருப்பில் இருக்கும் டிரிப்டோபன் என்ற பொருளிலிருந்துதான் மனநிலையைச் சீர்செய்யும் செரோடோனின் உருவாகிறது. நெருக்கடியும் அழற்சியும் நீடித்தால் அதே மூலப்பொருள் கைனுரெனின் என்ற பொருளாக அதிகம் மாறுகிறது. இது மூளைக்குள் புகுந்து தொல்லை கொடுக்கக்கூடியது. பயிற்சி பெற்ற தசை, மூளைக்கு நன்மை தரும் எதையோ சுரக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். கண்டதோ நேர்மாறு. அது கெட்டதை அகற்றுகிறது! தசையில் உள்ள நொதிகள் கைனுரெனினைக் கைனுரெனிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. இந்த அமிலத்தை மூளையின் காவல் உள்ளே விடுவதில்லை; அனுமதிச் சீட்டைக் கிழித்துவிட்டு ஆளை வாசலுக்கு அனுப்புவது போன்ற தந்திரம்.

சாதாரண எலிகளையும், நன்கு பயிற்சி பெற்ற தசையைப் போன்ற தசை இருக்கும்படி மரபணு மாற்றிய எலிகளையும் ஐந்து வாரம் இரைச்சலாலும் மின்னும் விளக்காலும் படுத்தினார்கள். சாதாரண எலிகள் சோர்ந்து விழுந்தன. மற்றவை அசரவில்லை. கைனுரெனினையே நேரடியாகக் கொடுத்தபோதும் அவற்றின் இரத்தத்தில் அது ஏறவில்லை. தசை அவ்வளவு வேகமாக மாற்றித் தள்ளியது. மனிதர்களிடமும் இதைப் பார்த்தார்கள். அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டர், ஓடியவர்களின் இரத்தத்தில் ஒரு மணி நேரம் கழித்துக் கைனுரெனிக் அமிலம் கூடியிருந்தது. மேடையிலிருந்து நூறு தடவை குதித்து எழும்பியவர்களுக்குக் கூடவில்லை. தசையை முறுக்கினால் மட்டும் போதாது, நீண்ட நேரம் மூச்சு வாங்க உழைக்க வேண்டும் போலிருக்கிறது.

மூளையின் உருவமும் மாறுகிறது. நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி மனச்சோர்வு நீடித்தவர்கள் பலருக்குச் சுருங்கியிருக்கும். 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு வாரம் மூன்று நாள் வேகநடை நடந்த முதியவர்களுக்கு அது சுமார் 2 சதவீதம் பெரிதானது. ஒன்றிரண்டு வருட மூப்பைத் திருப்பி வாங்கியதற்குச் சமம். அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர். ஆனாலும் நடைக்கே இவ்வளவு.

சரி, நோயாளிகளுக்குப் பலன் உண்டா? ஆம்ஸ்டர்டாமில் மனச்சோர்வோ பதற்றநோயோ உள்ள 141 பேரில் பெரும்பாலோரிடம் மாத்திரையா, ஓட்டமா என்று கேட்டார்கள். மொத்தத்தில் 96 பேர் ஓட்டத்துக்குப் போனார்கள். பதினாறு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, 45 நிமிடம், மேற்பார்வையோடு குழுவாக. 2023இல் முடிவு வெளிவந்தது. இரு தரப்பிலும் ஏறக்குறைய 44 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். ஓடியவர்களுக்கு இடுப்பளவும் இரத்த அழுத்தமும் குறைந்தது கூடுதல் லாபம்.

இங்கே ஒரு சிக்கல். மாத்திரைக்காரர்களில் 82 சதவீதம் பேர் சிகிச்சையைச் சொன்னபடி தொடர்ந்தார்கள். ஓட்டக்காரர்களில் 52 சதவீதம்தான். எழுந்து ஓடும் உந்துதலையே பறிப்பதுதான் இந்த நோயின் குணம். அதனால், சித்தப்பாக்களே, "ஓடு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போகாதீர்கள். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நில்லுங்கள், கூடவே நடங்கள்.

மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மருந்தோடு சேர்த்தும் ஓடலாம். பேச ஆள் வேண்டுமென்றால் இந்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.