பிள்ளைக்கு வயது 13; போனுக்கு வயது 40! ஒரே போன் உள்ள தறி வீடுகளே, உஷார்!

ஆரணி என்றதும் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊரிலும், தேவிகாபுரம், முனுகப்பட்டு, ஒண்ணுபுரம் பக்கத்திலும் பொழுது விடிந்தால் தறிச் சத்தம்தான்.

இப்போது அதோடு இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. 'டிங்!'

வேறென்ன, செல்போன்தான்!

பாவு கொடுக்கும் முதலாளி பேசுவது போனில். சேலையைப் படம் பிடித்து வியாபாரிக்கு அனுப்புவது போனில். பணம் வந்து விழுவதும் போனில். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அதே போன் பிள்ளை கைக்குப் போகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். 'ஆன்லைன் கிளாஸ்' என்று போனைக் கொடுத்தோம். பள்ளிக்கூடம் திறந்து வருஷம் பல ஆகியும் போன் மட்டும் கையை விட்டு இறங்கவில்லை!

வீட்டுக்கு ஒரே போன். விவகாரமே இதில்தான் இருக்கிறது.

போனுக்குத் தெரியுமா?

இன்ஸ்டாகிராமில் 13 வயது ஆகாத பிள்ளைகள் சேரக் கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் தனி ஏற்பாடு. கணக்கு தானாகவே பூட்டியிருக்கும். முன்பின் தெரியாத ஆள் சட்டென்று உள்ளே வந்து 'ஹாய்' சொல்ல முடியாது. 16-க்குக் கீழே உள்ள பிள்ளை அந்தப் பூட்டைத் திறக்க வேண்டுமானால் பெற்றோர் அனுமதி வேண்டும். 2025 பிப்ரவரியில் இந்த ஏற்பாடு இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், உள்ளே இருப்பது சின்னப் பிள்ளை என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்? கணக்கு அப்பா பெயரில். பிறந்த தேதி அப்பாவுடையது. எட்டாம் வகுப்புப் பிள்ளை பார்த்தாலும் கம்பெனி கணக்குப்படி பார்ப்பவர் 40 வயது ஆம்பளை! பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. வருகிற படமும், வருகிற ஆளும் 40 வயதுக்கு ஏற்றபடியே இருக்கும்.

மத்திய அரசின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் விவரங்களை வாங்கப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளையைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்! 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்குக் கம்பெனிகள் ஒன்றரை வருஷம் அவகாசம் பெற்றன.

சட்டம் பெரிசுதான். ஆனால் ஒப்புதல் கேட்டு ஓ.டி.பி. மாதிரி எது வந்தாலும் எந்தப் போனுக்கு வரும்? பிள்ளை கையில் இருக்கிற அதே போனுக்குத்தானே!

தடையால் தீர்ந்ததா? 2019 ஏப்ரல் 3-ந் தேதி ஐகோர்ட்டு மதுரை கிளை 'டிக்டாக்'குக்குத் தடை போடச் சொன்னது. பிள்ளைகள் முகம் தெரியாதவர்களிடம் சிக்கும் ஆபத்தும் அப்போது பேசப்பட்டது. ஏப்ரல் 24-ல் தடை நீங்கியது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு வேறு காரணத்துக்காக டிக்டாக்கையே மூடியது. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்து இறங்கியது. கடைதான் மாறியது. கூட்டம் மாறவில்லை.

சேலைக்கு மாடல் யார்?

சேலை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மகள் தோளில் போட்டு ஒரு படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கீழே போன் நம்பர். அடுத்த படத்தில் வீட்டு வாசல். போன வாரம் போட்ட பிறந்த நாள் படத்தில் பள்ளி யூனிபாரம். பிள்ளையின் முகம், வீடு, பள்ளி, நம்பர் எல்லாம் ஊர் பேர் தெரியாதவன் கைக்குப் போய்விட்டது. யார் கொடுத்தது? நாமேதான்!

ஊடை தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி நெய்யலாம். அனுப்பிய படத்தை அப்படிப் பிரிக்க முடியாது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இரண்டு சிம் போடும் போனில் வியாபாரத்துக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர் வைத்துக்கொள்ளலாம். வியாபார நம்பரை வாட்ஸ்அப் பிசினசில் போடலாம். சேலையைத் தறி மேலேயே விரித்துப் படம் எடுக்கலாம். 13 வயது முடிந்த பிள்ளைக்கு, அதே போனிலேயே, உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்கு திறக்கலாம். வயசைக் கூட்டிப் போட்டால் பூட்டு போய்விடும்.

"இன்னாடி பண்ணே?"

சிக்க வைப்பவன் மீசையை முறுக்கிக்கொண்டு வருவதில்லை. 'நானும் எட்டாவதுதான்' என்று வருவான். நாலு நாள் பேசுவான். 'ஒரு போட்டோ அனுப்பு' என்பான். அப்புறம்தான் சுயரூபம் தெரியும். 'இன்னும் அனுப்பு, இல்லாட்டி உங்க அப்பா நம்பருக்கே அனுப்புவேன்!'

பிள்ளை நடுங்கிப்போகும். அவனைவிட அப்பாவை நினைத்துத்தான் நடுக்கம் அதிகம். "இன்னாடி பண்ணே?" என்று கை ஓங்குவார், போனைப் பிடுங்குவார், பள்ளியை நிறுத்துவார் என்ற பயம். அந்த பயம்தான் மிரட்டுகிறவனுக்கு முதல். பிள்ளை வாய் திறந்த அன்றைக்கு அடிக்காதீர்கள். பேச்சுவார்த்தையை அழிக்காதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள். போனை அப்படியே போலீசுக்கு எடுத்துப் போங்கள்.

'பையன்தானே, அவனுக்கு என்ன' என்று இருப்பவர்களும் உண்டு. அம்பத்தூர் சங்கதியைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் மணி, அம்பத்தூரில் போலீஸ்!

பிள்ளைகளின் ஆபாசப் படம் பற்றி அமெரிக்காவில் உள்ள ஓர் அமைப்புக்குத் துப்பு வரும். 2019-ல் போட்ட ஒப்பந்தப்படி, இந்தியா சம்பந்தப்பட்ட துப்பு டெல்லியில் உள்ள தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து மாநில போலீசுக்குப் போகும். அப்படித்தான் 2020 ஜனவரியில் அம்பத்தூர் மகளிர் போலீசுக்குத் தகவல் வந்தது. ஒரு வாலிபரின் போன் பிடிபட்டது. அதில் இருந்த படங்களில் சிறுவர்கள்!

'தனியாகப் பார்த்தது குற்றமல்ல' என்று 2024 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு வழக்கை ரத்து செய்தது. அதே வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. இப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும், போலீசுக்குச் சொல்லாமலும், பிறருக்கு அனுப்பும் எண்ணத்தோடு வைத்திருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம் என்று கூறியது.

இது நல்லவர்களுக்கும் பொருந்தும். 'ஐயோ, இந்தக் கொடுமையைப் பாருங்க' என்று உறவுக்காரர் குரூப்பில் தட்டிவிடுகிறோமே, அதுவும் பரப்புவதுதான்! தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவின்படி முதல் தடவைக்கே 5 வருஷம் வரை ஜெயில், 10 லட்சம் வரை அபராதம்.

ஊர் சிரிக்குமா?

"போலீசுக்குப் போனா ஊர் சிரிக்கும்" என்பதுதான் தாய்மார்களின் கவலை. பிள்ளையின் பெயர், முகவரி, படம், பள்ளி என எதையும் பத்திரிகை போடக் கூடாது என்கிறது போக்சோ 23-வது பிரிவு. எங்களுக்கும் சேர்த்துத்தான்! வாக்குமூலம் வாங்க அதிகாரி பிள்ளையின் வீட்டுக்கே வரலாம். யூனிபாரத்தில் வரக் கூடாது. கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டரே கேட்க வேண்டும். ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

வெளியே போன படத்தை நிறுத்தவும் ஒரு வழி உண்டு. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை. படத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கைரேகை மாதிரி ஒரு அடையாள எண் மட்டும் போனிலிருந்து போகும். அதில் சேர்ந்துள்ள கம்பெனிகள் அந்த அடையாளம் உள்ள படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப்பில் கை மாறுவதை இது தடுக்காது. அதனால்தான் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்கிறோம்.

சைபர் குற்றங்களுக்கு நம்பர் 1930. பிள்ளைகளுக்கான நம்பர் 1098. ராத்திரி, பகல் எந்நேரமும் கூப்பிடலாம். காசு கிடையாது. அம்மா அப்பாவிடம் சொல்ல பயமாக இருந்தால், பிள்ளையே அந்த ஒரே போனை எடுத்து 1098-ல் பேசலாம்.