பேசாத் தொலைபேசியைப் பேணும் முறை

பாடசாலை விறாந்தைகளிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் செந்நிறம் பூசிய வாளிகளில் மணல் நிரப்பித் தொங்கவிட்டிருப்பதை யாவரும் கண்டிருப்பர். ஆண்டுகள் பல கழியினும் அம்மணலை எவரும் தொடுவதில்லை. தொடவேண்டிய நாள் வாராதிருத்தலே நன்று. ஆயினும், தீப்பற்றிய கணத்தில் மணல் அவ்விடத்தில் இருந்தே ஆகவேண்டும். அவசரத்துக்கெனச் சிலர் வைத்திருக்கும் கைத்தொலைபேசியும் இத்தகையதே. ஆனால், மணல் வாளிக்கும் அதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பயன்படுத்தவில்லை என்பதற்காக மணலை எவரும் திரும்ப எடுத்துச் செல்வதில்லை. பயன்படுத்தாத தொலைபேசி இலக்கமோ, சொல்லாமலே பறிபோய்விடும்.

முற்பணம் செலுத்திப் பேசும் முறையே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். மாதந்தோறும் சிட்டை வராது, ஒப்பந்தம் கிடையாது, செலுத்திய பணம் தீரும்வரை பேசலாம். 1995ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் ரி.எம்.என். நிறுவனம் ‘மிமோ’ என்னும் பெயரில் இத்தகைய சேவையொன்றைத் தொடங்கிற்று. பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது. பிரித்தானியாவில் இன்றும் முதியோர் பலர் இதனையே விரும்புகின்றனர். அங்கு வாழும் தமிழர் குடும்பங்களிலும், தனித்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ பிள்ளைகள் இத்தகைய தொலைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்திருப்பதுண்டு. அது பெரும்பாலும் மேசை லாச்சியிலேயே உறங்கும்.

அவ்வாறு உறங்கும் இலக்கத்தை நிறுவனம் ஏன் துண்டிக்கின்றது? அதற்குக் காரணங்கள் உள. முதலாவது, இலக்கங்கள் அளவிறந்தவை அல்ல. பிரித்தானியாவில் கைத்தொலைபேசி இலக்கங்கள் 07 என்று தொடங்கும். மொத்தம் 11 எண்கள் கொண்டவை. அவற்றை ஒவ்கொம் என்னும் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை தொகுதி தொகுதியாக நிறுவனங்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கின்றது. இரண்டாவது, ஒவ்வொரு சிம் அட்டைக்கும் நிறுவனத்தின் பதிவேட்டில் ஓரிடம் வேண்டும். அதனைப் பேணுவதற்குச் செலவுண்டு. வருமானம் தாராத பதிவை நெடுங்காலம் வைத்திருக்க வணிகர் விரும்பார். ஆதலின், குறித்த காலத்துக்குள் ஒருமுறையேனும் பயன்படுத்தப்படாத இலக்கத்தை அவர்கள் மூடிவிடுகின்றனர். மீதியாய் இருந்த பணமும் பெரும்பாலும் அத்துடன் போய்விடும். சிறிது காலம் கழிந்தபின் அவ்விலக்கம் முன்பின் அறியாத வேறொருவருக்கு வழங்கப்படவுங் கூடும்.

இதனால் வரும் தீங்கு பேச முடியாமற் போவதோடு முடிவதில்லை. பிரித்தானியாவில் 2022 மார்ச் 14 முதல், அட்டை மூலம் இணையத்தில் பொருள் வாங்குவோர் தம்மை மேலும் உறுதியாக அடையாளங் காட்டவேண்டும் என்னும் விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு வங்கிகள் கையாளும் வழிகளுள் ஒன்று, வாடிக்கையாளரின் கைத்தொலைபேசிக்கு ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் குறியீட்டை அனுப்புவதாகும். இலக்கம் இறந்திருப்பின் அக்குறியீடு வந்து சேராது. அவ்விலக்கம் பிறர் கைக்குப் போயிருப்பின், அவர் கைக்கே போய்ச் சேரும். பூட்டை மாற்றாமல் வீட்டுத் திறப்பைத் தெருவில் விட்டுச் சென்றதற்கு இது ஒப்பாகும்.

இனி, இலக்கத்தை உயிருடன் வைத்திருக்கும் வழியை நோக்குவோம். அந்நாட்டு நிறுவனங்கள் பலவற்றில் 180 நாள் அல்லது 6 மாதம் என்பதே தவணை. கிஃப்காஃப் என்னும் நிறுவனம் 6 மாதத்துக்கு ஒருமுறையேனும் பயன்படுத்த வேண்டும் என்கின்றது. சில நிறுவனங்களின் தவணை இதனினுங் குறைவு. வேறு சில, பயன்படுத்தினாலன்றிப் புதிதாகப் பணமும் நிரப்பவேண்டும் என விதிக்கின்றன. ஆதலின் முதற்கண் செய்யவேண்டியது, தம் நிறுவனத்தின் நிபந்தனையை வாசித்து, தவணை எத்தனை நாள், எது பயன்பாடாகக் கொள்ளப்படும் என்னும் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்தலே.

எது பயன்பாடு என்பதிலேதான் பலர் ஏமாறுகின்றனர். தொலைபேசியைத் திறந்து வைத்திருந்தாற் போதும் எனச் சிலர் எண்ணுவர். மகன் வாரந்தோறும் அழைக்கின்றானே எனத் தாயொருத்தி நிம்மதியாய் இருப்பாள். ஆனால் வரும் அழைப்பையோ, மீதிப் பணத்தை விசாரிக்கும் இலவச அழைப்பையோ நிறுவனங்கள் பல கணக்கில் எடுப்பதில்லை. கட்டணம் அறவிடப்படும் செயலொன்று நிகழவேண்டும். வெளியே செய்யும் அழைப்பு, அனுப்பும் குறுஞ்செய்தி என்பன அத்தகையவை. இவற்றுட் சிக்கனமானதும் எளிதானதும் பெரும்பாலும் குறுஞ்செய்தியே. பிள்ளைக்கு ‘நலம்’ என்று ஒரு சொல் எழுதி அனுப்பினால், இலக்கமும் பிழைக்கும். பிள்ளையின் மனமும் ஆறும்.

செலவை ஒருவாறு கணக்கிடலாம். ஒரு குறுஞ்செய்திக்கு 30 பென்ஸ் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 4 செய்திகள் அனுப்பினால் 1 பவுண் 20 பென்ஸ் ஆகும். 10 பவுண் நிரப்பியிருப்பின், பணத்துக்கு வேறு காலவரை இல்லாத நிறுவனத்தில் அது 8 ஆண்டுக்கு மேற் செல்லும். அதற்கு மாறாக, மாதம் 10 பவுண் கொண்ட பொதித்திட்டம் ஒன்றிற் சேர்ந்தால் ஆண்டுக்கு 120 பவுண் போய்விடும். அரிதாகப் பேசுவோருக்கு அது வீண் செலவே.

ஆண்டுக்கு இரண்டு செய்தி போதாதா என ஒருவர் வினவலாம். இங்கு நாட்காட்டியைச் சற்று உற்றுநோக்க வேண்டும். சனவரி 1இல் ஒரு செய்தியும் யூலை 1இல் மற்றொரு செய்தியும் அனுப்பினால், சாதாரண ஆண்டில் இடைவெளி 181 நாள். தவணையோ 180 நாள். ஒரே நாளில் இலக்கம் கைநழுவிவிடும்! யூலை 1 முதல் அடுத்த சனவரி 1 வரை 184 நாள். அந்நாட்டில் மார்ச்சிலும் ஒக்டோபரிலும் கடிகாரத்தை மாற்றும் நாள்களை நினைவுக் குறியாகக் கொள்வோரும் உளர். அது இன்னும் பிழை; அவ்விரு நாள்களுக்கும் இடையே ஏழு மாதம் செல்லும். ஆதலின், காலாண்டுக்கு ஒருமுறை, அதாவது சனவரி, ஏப்பிரல், யூலை, ஒக்டோபர் மாதங்களின் முதல் நாளில் அனுப்புதலே தக்கது. அவ்விடைவெளி எப்போதும் 92 நாளைத் தாண்டாது. தவணை 90 நாளேயான நிறுவனமாயின், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பவேண்டும்.

சேமித்த பணத்தை அறியாமல் இழக்கும் வழிகளும் உள. புதுவகைத் தொலைபேசிகள் உரிமையாளர் உறங்கும்போதும் இணையத்தோடு தாமே தொடர்புகொண்டு தரவைச் செலவிடும். ஆகவே கைத்தொலைபேசி வலையமைப்பு வழியான தரவை அடைத்து வைத்தல் வேண்டும். தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் மாதப் பொதிகளையும் நிறுத்திவிட வேண்டும். இரண்டு சிம் அட்டை ஏற்கும் தொலைபேசி வைத்திருப்போர், அரிதாகப் பயன்படும் அட்டையை இரண்டாம் இடத்திற் பொருத்தலாம். அதற்கெனத் தனிக் கருவி பேணும் வேலை இல்லை.

கருவியையும் கவனித்தல் வேண்டும். லிதியம் மின்கலத்தை முற்றாக வெறுமையாக்கி நெடுங்காலம் வைத்தால் அது கெட்டுப்போகும்; ஏறத்தாழப் பாதியளவு மின்னேற்றி, வெப்பமில்லாத இடத்தில் அணைத்து வைத்தலே நலம். காலாண்டுச் செய்தி அனுப்பும் நாளிலேயே மீண்டும் மின்னேற்றலாம். மேலும், பிரித்தானிய நிறுவனங்கள் மூன்றாந் தலைமுறை வலையமைப்புகளை மூடும் பணியில் 2024ஆம் ஆண்டளவில் ஈடுபட்டன. இரண்டாந் தலைமுறையும் 2033க்குள் முடிவுறும் என 2021 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. எனவே லாச்சியிலுள்ள பழைய கருவி நாலாந் தலைமுறை வலையமைப்பிற் பேசவல்லதா என இப்போதே விசாரித்தல் வேண்டும். சிம் அட்டை இல்லாத தொலைபேசியிலிருந்து அந்நாட்டில் 999 என்னும் அவசர இலக்கத்தை அழைக்க முடியாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நிறுவனத்தின் நிபந்தனை பிடிக்கவில்லையாயின், இலக்கத்தை இழக்காமலே வேறிடம் மாறலாம். 2019 யூலை 1 முதல், பி.ஏ.சி. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை 65075க்கு இலவசமாக அனுப்பினால் மாற்றுக் குறியீடு கிடைக்கும். அது 30 நாள் செல்லும். இலக்கம் உயிருடன் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். மீதிப் பணம் பொதுவாக உடன் வாராது. ஆகையால் அதனைச் செலவிட்டபின் மாறுதல் நன்று.

பிரித்தானியாவிலிருந்து இலங்கைக்கு வந்து சில மாதம் தங்குவோருக்கும் இது பொருந்தும். புறப்படுமுன் ஒரு செய்தி அனுப்பித் தவணையைப் புதுப்பித்து, வெளிநாட்டில் அச்சிம் அட்டை இயங்குமா என்றும் கேட்டறிந்து வருதல் வேண்டும். அங்ஙனம் செய்யாதோர், இங்கிருந்து வங்கிக் கணக்கைத் திறக்க முயலும்போதே இலக்கம் போன செய்தியை அறிவர். அப்போது முறையிட்டுப் பயனில்லை.

சுருங்கக் கூறின், ஆண்டுக்கு நான்கு நாள், நான்கு சொற்கள், ஓரிரு பவுண் என்பனவே இதற்கு வேண்டுவன. முதிய பெற்றோர் இவற்றை மறத்தல் இயல்பு. அந்நாள்களை வீட்டு நாட்காட்டியிற் குறித்து வைத்து, அன்று காலையில் நினைவூட்டுதல் பிள்ளைகளின் கடமை. அந்த நினைவூட்டல் அழைப்பு தொலைபேசியின் தவணையைக் காப்பாற்றாது போகலாம். ஆனால், அதன்பின் தாய் அனுப்பும் மறுமொழி காப்பாற்றும்.