ரிக்கற் இல்லாத பஸ்

லக்சம்பேர்க்கின் வடபகுதிக்குப் புதிதாக வரும் எம்மவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, “பஸ்ஸுக்கு எவ்வளவு காசு அண்ணை?” என்பதுதான். ஒரு சதமும் இல்லை என்றால் நம்புவதில்லை. நாங்களும் நம்பவில்லை. ஊரில் இ.போ.ச. பஸ்ஸில் ரிக்கற் துண்டை இறங்கும்வரை கைக்குள் பொத்தி வைத்திருந்தவர்கள் அல்லவா! முதல் நாள் சாரதியிடம் ஐந்து யூரோத் தாளை நீட்டினோம். அவர் சிரித்துவிட்டு, உள்ளே போகும்படி கையைக் காட்டினார்.

2020 பெப்ரவரி 29 முதல் இந்நாட்டில் பஸ், ரயில், ட்ராம் எல்லாமே இலவசம். நாடு முழுவதற்கும் இப்படிச் செய்த முதல் நாடு இதுதான். அதற்கு முன் இரண்டு மணித்தியால ரிக்கற் 2 யூரோ, நாள் ரிக்கற் 4 யூரோ. இப்போது செலவு வரிப்பணத்திலிருந்து போகிறது. எங்கள் சம்பளத்திலும் வரி வெட்டுகிறார்கள், ஆகவே ஓசிப் பயணம் என்று கூச்சப்படத் தேவையில்லை. அகதி, இந்நாட்டவர், சுற்றுலாப் பயணி என்ற பேதமும் கிடையாது. ரயிலில் முதலாம் வகுப்புக்கு மட்டும் காசு. ஜேர்மனிக்கோ பெல்ஜியத்துக்கோ போனால் எல்லைக்கு அப்பாலுள்ள தூரத்துக்கு ரிக்கற் எடுக்கவேண்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

நாங்கள் இருப்பது வில்ற்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு கிராமம். தலைநகரில் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இங்கே வந்ததும் கடன் பட்டாவது கார் வாங்கவேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வாங்கவில்லை. வீட்டுக்குள் முடங்கியிருந்த எங்கள் பெண்கள் இன்று தனியாகவே எற்றல்புறுக்வரை மொழி வகுப்புக்குப் போய் வருகிறார்கள். ஏறும்போது “மொயன்” என்று வணக்கம் சொல்லவும் பழகிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பஸ் இலவசம்தான், எங்கள் வேலை நேரத்துக்கு அது வரவேண்டுமே!

வீடு பார்த்தபோது வாடகையையும் அறைகளையும் பார்த்தோம். பஸ் தரிப்பிடம் வாசலில் இருந்ததால் மகிழ்ந்து கையெழுத்தும் வைத்துவிட்டோம். தொழிற்சாலையில் காலை வேலை 5 மணிக்குத் தொடங்கும். எங்கள் கிராமத்துக்கு முதல் பஸ் அதற்குப் பிறகுதான். அந்த மாரி முழுவதும் நாங்கள் மூவர் ரோர்ச் வெளிச்சத்தில் ஆற்றோர வீதியால் ஒரு மணித்தியாலம் நடந்தோம். நடைபாதை இல்லை. பனியில் ஒருவர் வழுக்கி விழுந்து கை முறிந்தது. ஆறு வாரம் வேலையில்லை. வேலையே போய்விடுமோ என்று அந்த வீட்டில் அழுத அழுகை எங்களுக்குத்தான் தெரியும்.

பிறகுதான் மேற்பார்வையாளரிடம் நேர அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டினோம். எங்களுக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில்தான். அவர் எங்களைப் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார். முதல் கிழமையே கேட்டிருக்கலாம்.

ஆகவே, வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னர் தரிப்பிடத்துக்குப் போய் அட்டவணையைப் பாருங்கள். முதல் பஸ், கடைசி பஸ் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு நேரங்கள் வேறு, பாடசாலை விடுமுறையிலும் சில ஓட்டங்கள் இருக்காது. இருட்டில் தரிப்பிடத்தில் நின்றால் கையைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் சாரதி நேரே போய்விடுவார். எங்களை விட்டுவிட்டு இரண்டு தரம் போயிருக்கிறார்.