மூன்று கால் பூச்சி

1990 ஆம் ஆண்டு தொடக்கம் 2002 ஆம் ஆண்டு வரை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு பற்றரி என்பது நினைத்தவுடன் கடையில் வாங்கக்கூடிய சாமானாக இருக்கவில்லை. பொருளாதாரத் தடையின் பட்டியலில் அதுவும் அடங்கியிருந்தது. மின்சாரமும் இல்லை. அதற்காக எமது சனம் செய்தி கேட்காமல் இருந்ததா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வந்த வயரை றேடியோவில் கொழுவி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, வீட்டாரும் அயலாரும் சூழவிருந்து கேட்டார்கள். சுற்றுகிற கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். எனது வயதுக்காரருக்கு இது சிறுவயது ஞாபகம். எங்கள் அம்மாமாருக்கு அன்றாடச் சீவியம்.

சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற்று அளவிலான சிறிய மின். அதுவும் முன்னும் பின்னுமாக மாறி ஓடுகிற ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். இடையில் ஒரு இருவாயியை, அதாவது கடைக்காரர் ‘டயோட்’ என்று சொல்லும் சிறு துண்டை, வைத்துத்தான் அதைச் சரிப்படுத்த வேண்டும். இந்த வேலையை எந்தப் பல்கலைக்கழகமும் போகாத எத்தனையோ பேர் வேப்பமரத்தின் கீழிருந்து செய்தார்கள். சமூகவியல் படித்த எனக்கு இது ஒரு பெரிய பாடமாகவே தோன்றுகிறது. ஆனால் சுற்றியவர்களில் பெண்கள் பலர் இருந்தும், பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே.

அவ்வளவு சிறிய மின்னில் றேடியோ பாடியதற்குக் காரணம் அதன் உள்ளே இருந்த திரான்சிஸ்டர். அதற்கு முந்திய றேடியோக்களில் குமிழ் போன்ற வால்வுகள் இருந்தன. அவை சூடேறினால்தான் வேலை செய்யும். மின்னை நிறையக் குடிக்கும். 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் பார்டீன், வோல்ரர் பிரற்றேன் என்ற இருவர் முதல் திரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அவர்களுக்கும் வில்லியம் ஷொக்லிக்கும் 1956 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1954 இல் சட்டைப்பையில் வைக்கக்கூடிய றேடியோ விற்பனைக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெட்டிக்கே ‘ரான்சிஸ்டர்’ என்று பெயர் வந்தது இதனால்தான். யப்பானில் அந்தக் காலத்தில் திரான்சிஸ்டர்களைத் தொழிற்சாலையில் செய்தவர்களில் பெருந்தொகையானோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் எமது சிறுகுழுச் சகோதரிகளுடன் இதைச் செய்து பார்த்தோம். அநேகர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். ஏன் இந்த வேலை என்று கேட்டபோது ஒரு அக்கா சொன்னார்: “பல்ப் மாத்தக்கூட ஒரு ஆளைக் கூப்பிட வேண்டிக்கிடக்கு பிள்ளை. கூப்பிட்டால் ஊர் ஒரு கதை கதைக்கும். கூப்பிடாட்டி இருட்டு.” இன்னொருவர் தயங்கித் தயங்கி, “வயரும் பற்றரியும் வீட்டில கிடந்தால் ஆரும் வந்து கேட்பினமோ?” என்றார். 2009 ஐக் கடந்து வந்தவர்களின் இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. எல்லோரும் கூடியிருந்து, பொதுமண்டபத்தில், பகலில் செய்வோம் என்று முடிவெடுத்தோம்.

செய்தது தண்ணீர்த் தாங்கி நிரம்பியதைக் காட்டும் ஒரு சிறு விளக்கு. மோட்டரைப் போட்டுவிட்டுச் சமையலுக்குள் போனால் தண்ணீர் வழிந்து, மின்கட்டணமும் வீணாகிறது அல்லவா?

தேவையானவை: பீ.சி. 547 என்ற திரான்சிஸ்டர் ஒன்று, சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு ஒன்று, 330 ஓம் தடையி ஒன்று (செம்மஞ்சள், செம்மஞ்சள், கபிலம் என்று கோடுகள் இருக்கும்), 1000 ஓம் தடையி ஒன்று (கபிலம், கறுப்பு, சிவப்பு), பென்ரோர்ச் பற்றரி மூன்று, கொஞ்ச வயர், பழைய சில்வர் கரண்டி இரண்டு. பற்றரியை விட்டுப்பார்த்தால் மற்றச் சில்லறைச் சாமான்களுக்கு ஒரு பாணின் விலைகூட வராது. இவற்றைக் கடையில் வாங்குங்கள், அல்லது பழுதான றேடியோவிலிருந்து எடுங்கள். வயரோ உலோகத் துண்டோ பொறுக்கப் பற்றைக்காட்டுக்கும் கைவிடப்பட்ட காணிகளுக்கும் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். வெடிக்காத பொருட்கள் இன்னும் எங்கள் மண்ணில் கிடக்கின்றன.

முதலில் திரான்சிஸ்டர் இல்லாமலே பார்த்தோம். பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு கரண்டிக்கு வயர். மற்றக் கரண்டியிலிருந்து 330 ஓம் தடையி, எல்.ஈ.டி. வழியாக மறை முனைக்கு. எல்.ஈ.டி.யின் நீண்ட கால் நேர்ப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு கரண்டிகளையும் ஒன்றோடொன்று முட்டாமல் கிணற்றுத் தண்ணீரில் வைத்தால், விளக்கு எரிந்ததா இல்லையா என்று வாக்குவாதப்படும் அளவுக்கு மங்கல். தண்ணீர் மின்னைக் கடத்துகிறது, ஆனால் மிகக் கொஞ்சமாக.

பிறகு மூன்று கால் பூச்சியை (குழுவினர் வைத்த பெயர் இது) கையில் எடுத்தோம். தட்டையான முகம் எம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக சேகரிப்பான், அடி, காலி. காலி என்றால் வெறுமை அல்ல. காலுவது, வெளிவிடுவது என்று பொருள். நேர் முனையிலிருந்து 330 ஓம் தடையி, அதிலிருந்து எல்.ஈ.டி.யின் நீண்ட கால், குறுகிய காலிலிருந்து சேகரிப்பான். காலியை மறை முனையில் கொழுவ வேண்டும். ஒரு கரண்டி நேர் முனைக்கு. மற்றது 1000 ஓம் தடையி வழியாக நடுவிலுள்ள அடிக்கு. ஈயம் ஒட்டத் தேவையில்லை. கடதாசி மட்டையில் துளையிட்டு, கால்களை முறுக்கி ரேப் சுற்றினோம். கரண்டிகளைத் தண்ணீரில் வைத்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அதே தண்ணீர், அதே பற்றரி. பின்னே வெளிச்சம் எங்கிருந்து கூடியது? இரணைமடுக் குளத்தின் துருசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் கையால் சக்கரத்தைச் சுற்றுகிறார். வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்கிறது. அந்தத் தண்ணீரின் வலு அவருடைய கையிலிருந்து வரவில்லை, குளத்திலிருந்து வருகிறது. கை செய்தது திறந்துவிட்டது மட்டுமே. திரான்சிஸ்டரின் அடிக்குள் போகும் சிறு மின்னோட்டம் அந்தக் கை. பற்றரிதான் குளம். அடிக்குப் போவதைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைக்கூட இந்தத் துருசு சேகரிப்பானிலிருந்து காலிக்குத் திறந்துவிடும். நாங்கள் 330 ஓம் தடையி வைத்தது, திறந்த தண்ணீர் எல்.ஈ.டி.யை அள்ளிக்கொண்டு போகாமல் மறிப்பதற்கு. ஒரு சங்கதி மட்டும்: அடிக்கும் காலிக்கும் இடையில் ஏறக்குறைய 0.6 வோல்ற் கிடைக்கும்வரை துருசு அசையாது.

உள்ளே அசையும் கதவு எதுவும் இல்லை. மணலிலிருந்து பிரித்தெடுக்கும் சிலிக்கன்தான் மூன்று படையாக இருக்கிறது. வெளிப்படைகள் இரண்டிலும் பொசுபரசு போன்ற ஒன்றைச் சொற்பம் கலந்து இலத்திரன்களை மிகுதியாக்கியிருப்பார்கள். நடுப்படையில் போரன் கலந்து இலத்திரன்களுக்குப் பற்றாக்குறை உண்டாக்கியிருப்பார்கள். அந்த நடுப்படை மிக மெல்லியது. அடிக்குச் சிறிது மின் கொடுத்தால் காலியிலிருந்து புறப்படும் இலத்திரன்களில் பெரும்பங்கு நடுப்படையைத் தாண்டிச் சேகரிப்பானுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். றேடியோவிலும் இதே வேலைதான். காற்றில் வரும் மிகச் சிறிய அலை அடிக்குப் போகிறது. பெரிய ஒலி வெளியே வருகிறது.

இதை விளங்கப்படுத்தி முடிக்குமுன் ஒரு அம்மா கரண்டிகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் ஈரவிரல்களால் பிடித்துவிட்டார். விளக்கு மங்கலாக எரிந்தது! “எனக்குள்ளாலயும் கரண்ட் போகுதோ?” மூன்று பென்ரோர்ச் பற்றரியின் 4.5 வோல்ற்றில் அது உணர முடியாத அளவு சிறியது, ஆபத்தில்லை. வீட்டு மின்சாரத்தில் இந்த விளையாட்டு ஒருபோதும் கூடாது. பிறகு இருவர் கைகோத்துப் பார்த்தார்கள், மூவர் பார்த்தார்கள். ஆள் கூடக்கூட வெளிச்சம் குறைந்தது. ஏனென்று அவர்களே சொல்லிவிட்டார்கள்: வழி நீளுகிறது, தடை கூடுகிறது.

இந்தியாவின் ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் 1972 இல் தொடங்கப்பட்ட வெறுங்கால் கல்லூரி, எழுத்து வாசிப்பு அறியாத கிராமத்துப் பெண்களுக்குச் சூரியமின் விளக்குகளைப் பொருத்தவும் திருத்தவும் பழக்குகிறது. பல நாடுகளிலிருந்து பாட்டிமார்கூடச் சென்று ஆறு மாதம் தங்கிப் படித்திருக்கிறார்கள். மொழி தெரியாதவர்களுக்குப் பாகங்களின் நிறங்களைக் கொண்டே சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் குழுவில் க.பொ.த. சாதாரணதரம் வரை போனவர்கள் பலர். இலத்திரனியல் அலகு விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்தது என்றும், இடப்பெயர்வில் புத்தகமே போய்விட்டது என்றும் ஒருவர் சொன்னார்.

தாங்கியில் பொருத்தும்போது கரண்டிகளைத் தாங்கியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒரு விரலளவு இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். இரும்பு ஆணி வேண்டாம். நேர்ப்பக்கத்து ஆணியை மின் அரித்துத் தின்றுவிடும். கரண்டியையும் இடைக்கிடை தேய்த்துக் கழுவுங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், விரைவில் வெள்ளை படிந்துவிடும். விளக்கு எரியாவிட்டால் முதலில் எல்.ஈ.டி.யின் கால்களை மாற்றிப் பாருங்கள். எங்கள் மண்டபத்தில் செய்த ஐந்தில் மூன்று, முதல்தடவை எரியாமல் போனது அதனால்தான்.